விமானக் கேபினில் சேரும் ஈரம்: ஹேங்கருக்குப் புதிதாகப் போகும் நெல்லைப் பிள்ளைகளுக்கு

ஏ.எம்.இ. என்ற விமானப் பராமரிப்புப் படிப்பை முடித்துவிட்டு, விமானங்களைப் பழுதுபார்க்கும் திருவனந்தபுரம், ஓசூர், ஐதராபாத், நாக்பூர் ஹேங்கர்களுக்கு வேலைக்குப் போகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் இன்ஜின் மேல்தான் ஆசை. ஆனால் ஆரம்பத்தில் பெரும்பாலும் கேபினில்தான் போடுவார்கள். சீட்டைக் கழற்று, கார்பெட்டைச் சுருட்டு, பேனலை இறக்கு, அடியில் கிடக்கும் ஈரத்தைத் துடை. "இதுக்கா இவ்வளவு செலவழிச்சுப் படிச்சோம்" என்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு அழுத தம்பிகளை எனக்குத் தெரியும். அழ வேண்டாம். அந்த ஈரம் விமானத்தின் ஆயுளைத் தின்கிற விஷயம். அதன் போக்கைப் படிக்கத் தெரிந்த டெக்னீசியனுக்கு எந்த ஹேங்கரிலும் மதிப்பு உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத்துக்குள் நீர் உண்டாவதை நம்மால் நிறுத்த முடியாது. பறக்கிற ஒவ்வொரு முறையும் அது உண்டாகும். அது வெளியே போகும் வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. இனி சொல்வதெல்லாம் அந்த வழியைப் பற்றித்தான்.

நீர் எங்கிருந்து வருகிறது

35,000 அடியில் வெளிக்காற்று சுமார் மைனஸ் 54 டிகிரி. வேகத்தால் கொஞ்சம் சூடேறி, ஸ்கின் எனப்படும் வெளித்தகடு மைனஸ் 30 அளவில் நிற்கும். உள்ளே 22 முதல் 24 டிகிரி. கேபின் காற்று மிகவும் வறண்டது, ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான். உதடு வெடிக்கிற அளவு வறண்ட காற்றில் நீர் எப்படி வரும் என்று எல்லோருக்கும் முதலில் சந்தேகம் வரும்.

இங்கேதான் பனிநிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி படிய ஆரம்பிக்குமோ அதுதான் பனிநிலை. 24 டிகிரி, 15 சதவீத ஈரப்பதம் உள்ள கேபின் காற்றின் பனிநிலை சுமார் மைனஸ் 4. ஸ்கின்னோ மைனஸ் 30. ஆக, எவ்வளவு வறண்ட காற்றாக இருந்தாலும் ஸ்கின்னைத் தொட்டால் அங்கே உறைபனி படியும்.

நீராவியைக் கொடுப்பவர்கள் பயணிகள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீரை விடுகிறார். 180 பேர் என்றால் மணிக்கு 9 லிட்டர். இதில் பெரும்பகுதி, கேபின் காற்றை வெளியேற்றும் அவுட்ஃப்ளோ வால்வு வழியாக வெளியே போய்விடும். மிச்சம் பேனல்களுக்குப் பின்னால் நுழைகிறது. ஸ்கின்னை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும். அது விட்ட இடத்தை நிரப்ப, மேல்பகுதி பேனல் இடுக்குகள் வழியாகக் கேபினின் சூடான காற்று உள்ளே இழுபடும். பறக்கும் நேரம் முழுக்க இந்தச் சுற்று நிற்பதே இல்லை. அதனால்தான் கூரைப் பகுதியில், அதாவது கிரவுனில், ஃபிரேம் (உடலின் வளையச் சட்டம்), ஸ்ட்ரிங்கர் (நீளவாட்டுச் சட்டம்) மேலெல்லாம் உறைபனி அதிகம்.

இறங்கும்போது ஸ்கின் சூடேறும், உறைபனி உருகும். உருகிய நீரில் பெரும்பகுதி ஸ்கின்னின் உட்பக்கமாக வழிந்து, ஸ்ட்ரிங்கர் துளைகள் வழியாக, அடிவயிற்றுப் பகுதியான பில்ஜுக்கு இறங்கி, வடிகால் வால்வான டிரெய்ன் வால்வு வழியாக வெளியே போக வேண்டும். அப்படித்தான் விமானத்தை வடிவமைத்திருக்கிறார்கள். எங்காவது மறிபட்டால், ஸ்கின்னை ஒட்டிய வெப்பத்தடுப்பு மெத்தையான இன்சுலேஷன் பிளாங்கெட்டில் ஊறும், சீலிங் பேனல் மேல் தேங்கும், பயணி தலையில் சொட்டும்.

இதைக் கூட்டிக் குறைக்கும் காரணங்களும் உண்டு. சீட்டுகள் நெருக்கமாக இருக்கும் விமானம், எப்போதும் நிறைந்து பறக்கும் விமானம், தரையில் காயவே நேரம் கிடைக்காமல் நாள் முழுக்க ஓடும் விமானம், இவற்றில்தான் ஈரம் அதிகம். சென்னையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளத்துக்கு வரும் ஏ.டி.ஆர். 72 போன்ற டர்போபிராப்கள், அதாவது புரொப்பெல்லர் விமானங்கள், தாழ்வாகப் பறப்பவை. 20,000 அடியில் வெளிக்காற்று மைனஸ் 25 அளவுதான், பயண நேரமும் குறைவு. அவற்றில் உறைபனித் தொல்லை குறைவாக இருக்கும். ஆனால் தரையிலிருக்கும்போது ஏ.சி. வழியாக வரும் ஈரம் நம் கடற்கரைக் காற்றில் நிறைய. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: எப்போது சொட்டியது என்று கேளுங்கள்

'14 சி சீட்டுக்கு மேலே நீர் சொட்டுகிறது' என்று லாக் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். புதியவர் உடனே துணியை எடுத்துக்கொண்டு ஓடுவார். எனக்கு வேலை கற்றுத்தந்த வள்ளியூர் அண்ணாச்சி ஒருவர், துடைத்துவிட்டு வந்து நிற்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏல, தொடச்சது சரி. எங்கருந்து வந்துச்சு?" பதில் தெரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்கிருந்து வந்தது என்பதற்கு, எப்போது வந்தது என்பதுதான் நல்ல துப்பு. கேபின் குழுவிடம் கேட்டால் சொல்வார்கள். இறங்கும்போதும் தரை தொட்ட சில நிமிடங்களிலும் சொட்டியது என்றால் கிரவுனில் உறைந்தது உருகுகிறது. டேக்-ஆஃபுக்கு ஓடும்போது சட்டென்று ஒரு கை நீர் கொட்டியது என்றால், ஏற்கெனவே சீலிங் பேனல் மேல் தேங்கிக் கிடந்தது வேகத்தில் பின்பக்கமாக ஓடி முதல் இடுக்கில் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் 14 சி-க்கு நேர் மேலே தேடினால் ஒன்றும் கிடைக்காது. முன்னால் சில ஃபிரேம் தள்ளித் தேட வேண்டும். தரையில் ஏ.சி. ஓடும்போது மட்டும் சொட்டினால் டக்ட்டின், அதாவது குளிர்காற்றுக் குழாயின், மேலுறை கிழிந்திருக்கலாம், அல்லது பேக்கின் (ஏ.சி. இயந்திரத்தின்) நீர்பிரிப்பானான வாட்டர் செபரேட்டர் சரியாக வேலை செய்யவில்லை. நிறுத்தி வைத்து மழை பெய்த பிறகு வந்தால் கதவு சீல், ஜன்னல், மேலே உள்ள ஆன்டெனா அடி இவற்றைப் பாருங்கள். எந்த நேரமும் நிற்காமல் வந்தால் அது குடிநீர்க் குழாய்.

அடுத்து நீரையே பாருங்கள். வெள்ளைத் துணியில் ஒற்றி எடுங்கள். நீராவி படிந்த நீருக்கு நிறமும் இருக்காது, ஒட்டவும் செய்யாது. நீலக்கறை என்றால் லாவடரி, அதாவது கழிப்பறை. பழுப்பாகப் பிசுபிசுத்தால் கேலியில் (விமானத்தின் சமையல் பகுதியில்) கொட்டிய காபி அல்லது குளிர்பானம். லாவடரி சந்தேகம் வந்தால் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. வாசனை பார்ப்பதெல்லாம் வேண்டாம்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் பின்னால் செய்வதெல்லாம் வீண். குழாய்க் கசிவை நீராவி ஈரம் என்று நினைத்துத் துடைத்து மூடிவிட்டால் அடுத்த பயணத்திலேயே திரும்பி வரும். அதற்குள் கீழே இருக்கும் மின்சாதனத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாம் படி: திறப்பதற்கு முன்

செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் டாஸ்க் கார்டை வாங்குங்கள், அந்த விமானத்துக்கு உரிய ஏ.எம்.எம்., அதாவது பராமரிப்பு மேனுவல், பக்கத்தைப் பாருங்கள். ஒரே ரகத்தில் இரண்டு விமானங்கள் இருந்தாலும் உள் அமைப்பு வேறாக இருக்கும். பயிற்சியில் இருப்பவர் தானாக எதையும் திறக்கக் கூடாது, லைசென்ஸ் உள்ளவர் மேற்பார்வையில்தான். அந்தப் பகுதிக்கான மின்சாரத்தை அணைத்து, சர்க்யூட் பிரேக்கரில் டேக் மாட்டுங்கள்.

பி.எஸ்.யூ.-வை, அதாவது தலைக்கு மேல் விளக்கும் காற்றுத்துளையும் இருக்கும் பெட்டியை இறக்கும்போது தனிக் கவனம் வேண்டும். பல விமானங்களில் அதற்குள்தான் ஆக்சிஜன் ஜெனரேட்டர் இருக்கிறது. அது வேதிவினையால் கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். பாதுகாப்பு ஊசியை மாட்டாமல் கையை வைக்காதீர்கள். அவசரம் என்று மேற்பார்வையாளரே சொன்னாலும் ஊசி மாட்டிய பிறகுதான்.

மூன்றாம் படி: பிளாங்கெட்

புதியவர்கள் கொஞ்ச நேரம் செலவழித்துக் கற்க வேண்டிய இடம் இது. இன்சுலேஷன் பிளாங்கெட் என்பது மெல்லிய பிளாஸ்டிக் படல உறைக்குள் கண்ணாடியிழைப் பஞ்சு வைத்த மெத்தை. படலத்தில் சிறு துளைகள் இருக்கும், உள்ளே போன நீர் வடிய. பஞ்சு நனைந்தால் வெப்பத்தைத் தடுக்கும் வேலையைச் செய்யாது, சத்தத்தையும் தடுக்காது, ஸ்கின்னோடு ஈரத்தை ஒட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு எடை. சரியாகக் கவனிக்காத பெரிய விமானங்களில் இப்படி நூற்றுக்கணக்கான கிலோ நீர் ஊறிக்கிடக்கும். ஒவ்வொரு பயணத்திலும் அந்த நீரைச் சுமக்க எரிபொருள் எரிகிறது.

பக்கச்சுவரான சைடுவால் பேனலை எடுத்ததும் பிளாங்கெட்டைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே நன்றாக உப்பியிருக்கும் மெத்தை, கீழ் ஓரத்தில் மட்டும் தொங்கிச் சப்பையாக, கறுத்த கோட்டோடு இருந்தால் நீர் அங்கே தங்கியிருக்கிறது. கீழ் ஓரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தூக்குங்கள். காய்ந்த மெத்தை கையில் கனமே தெரியாது. நனைந்தது கை மேல் படுத்துக்கொள்ளும். விரலால் லேசாக அழுத்தினால் வடிதுளையில் ஒரு முத்து நீர் எட்டிப்பார்க்கும். அதற்கு மேல் பிழியக் கூடாது. பிழிந்தால் இழை நொறுங்கிக் கட்டிதட்டிவிடும், பிறகு காய்ந்தாலும் பழைய பருமன் வராது.

கழற்றியதும் டேக் போட்டு, எந்த ஃபிரேமிலிருந்து எடுத்தது, எந்தப் பக்கம் ஸ்கின்னைப் பார்த்தது என்று எழுதுங்கள். தராசில் வைத்து, புதியதன் எடையோடு ஒப்பிட்டால் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று தெரியும். மேனுவல் சொல்லும் அளவுக்குள் இருந்தால் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டுக் காயவைக்கலாம். பூஞ்சை பிடித்தது, எண்ணெயோ லாவடரி நீரோ பட்டது, கட்டிதட்டியது இவற்றை மாற்றத்தான் வேண்டும்.

கிழிசலை ஒட்ட அனுமதிக்கப்பட்ட டேப் மட்டும். கையில் கிடைத்த டேப்பை ஒட்டுவது பெரிய தவறு. 1998-ல் ஸ்விஸ்ஏர் 111 விமானத்தில் தீ பரவியதற்கு இன்சுலேஷன் உறைப் படலம் ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு, அந்த ரகப் படலத்தையே மாற்றச் சொன்னார்கள். நெருப்புச் சோதனையில் தேறாத பொருள் எதுவும் அந்த இடுக்குக்குள் போகக் கூடாது.

திரும்ப மாட்டும்போது இரண்டு விஷயம். ஒன்று, இடைவெளி. ஃபிரேமுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து விட்டாலும் கேபின் காற்று நேராக ஸ்கின்னுக்குப் போகும், அங்கே உறைபனி குவியும். இன்னொன்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஒழுங்கு. நீர் ஸ்கின் பக்கமாகவே வழிந்து இறங்கணும், கேபின் பக்கம் வரக் கூடாது. மேனுவல் படத்தில் காட்டிய ஒழுங்கை மாற்றி மாட்டினால் நீங்களே நீரைப் பயணி பக்கம் திருப்பிவிட்டதாக ஆகும்.

கிரவுனில் சில விமானங்களில் சீலிங் பேனலுக்கு மேலேயும் லக்கேஜ் பெட்டிகளுக்கு மேலேயும் நீரை உறிஞ்சும் ஃபெல்ட் பட்டைகள் ஒட்டியிருக்கும். இட்லிக் கொப்பரை மூடியின் உட்பக்கம் துணி கட்டுவதும் இதுவும் ஒரே காரியத்துக்குத்தான்: மூடியில் சேர்ந்த நீர் கீழே விழாமல் துணி பிடித்துக்கொண்டு பிறகு மெல்ல ஆவியாகவிடும். ஃபெல்ட் உரிந்திருக்கிறதா, தூசி அடைத்துக் கெட்டியாகிவிட்டதா என்று பார்த்து மாற்றச் சொல்லுங்கள். இன்னும் சில விமானங்களில் சிலிக்கா ஜெல் சக்கரம் கொண்ட உலர்த்தி இருக்கும். அது வறண்ட காற்றைக் கிரவுனுக்குள் ஊதும். அதில் நம் வேலை பெரும்பாலும் ஃபில்டர் மாற்றுவதும் குழாய் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பதும்தான்.

நான்காம் படி: பில்ஜும் டிரெய்ன் வால்வும்

கேபின் வேலையில் மிகவும் அழுக்கான இடம் பில்ஜ். மிகவும் முக்கியமான இடமும் அதுதான். எல்லா நீரும் கடைசியில் வந்து சேர்வது இங்கே.

டிரெய்ன் வால்வு மிக எளிய கருவி. தரையில் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றாக இருக்கும்போது ஸ்பிரிங் அதைத் திறந்து வைத்திருக்கும், நீர் வடியும். மேலே போய்க் கேபின் அழுத்தம் ஏறியதும் அந்த அழுத்தமே அதை மூடிவிடும். ஆக, பறக்கும்போது பில்ஜில் சேரும் நீர் தரையில்தான் வெளியேறும். கார்பெட் நூலும் தலைமுடியும் தூசியும் கலந்த ஒரு சிறு உருண்டை போதும், வால்வு அடைபட. அடைபட்ட வால்வைச் சுற்றிப் பார்த்தால் வட்ட வட்டமாகக் கறை படிந்திருக்கும், வற்றிய குளத்தங்கரையில் நீர்மட்டக் கோடுகள் தெரியுமே, அதுபோல. அந்த இடத்தில் எவ்வளவு உயரம் நீர் நின்றது என்று அந்தக் கறையே சொல்லிவிடும்.

வெளியிலிருந்து வால்வை மிருதுவாக அழுத்திப் பாருங்கள். விட்டதும் தானாகத் திரும்பணும். தயங்கித் திரும்பினால் கழற்றிச் சுத்தம் செய்யணும். கம்பியோ ஸ்க்ரூடிரைவரோ விட்டுக் குத்தாதீர்கள். கீறல் விழுந்தால் அரிப்பு அங்கேயே தொடங்கும். பிளாஸ்டிக் குச்சியோ மிருதுவான பிரஷ்ஷோ போதும். மேனுவல் அனுமதித்தால், உள்ளே கொஞ்சம் சுத்தமான நீரை ஊற்றி, கீழே ஒருவரை நிறுத்தி, எந்த வால்விலிருந்து எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள்.

வால்வுக்கு வரும் வழியையும் பார்க்கணும். ஸ்ட்ரிங்கர்களில் இருக்கும் சிறு துளைகளைச் சீலன்ட் (இடுக்குகளை மூடும் பசை) அடைத்திருக்கிறதா? தாழ்வான இடங்களில் நீர் தேங்காமலிருக்க ஊற்றிய நிரப்புப் பூச்சு ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கிறதா? அதன் அடியில் நீர் புகுந்தால் மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும், அடியில் தகடு கரைந்துகொண்டிருக்கும். பில்ஜ் பிளாங்கெட் தளர்ந்து துளை மேல் படுத்திருக்கிறதா?

அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, பெயின்ட் கொப்புளம், ரிவெட் தலைகளுக்கு நடுவே தகடு லேசாக உப்பியிருப்பது, இவற்றில் எது கண்ணில் பட்டாலும் சுரண்டிப் பார்க்க வேண்டாம். போட்டோ எடுத்து ஸ்ட்ரக்சர் பிரிவுக்குச் சொல்லுங்கள். 1981 ஆகஸ்ட் 22 அன்று தைவானில் ஒரு போயிங் 737 வானத்திலேயே உடைந்து 110 பேர் இறந்தார்கள். அடிவயிற்றுத் தகட்டில் பரவியிருந்த கடும் அரிப்புதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பில்ஜில் குனிந்து டார்ச் அடிக்கும் வேலையை யாராவது சில்லறை வேலை என்று சொன்னால் இந்த விபத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

அரிப்புத் தடுப்பு எண்ணெயான சி.ஐ.சி. அடிக்கும் வேலை வந்தால், இடம் முழுக்கக் காய்ந்த பிறகே அடிக்கணும். ஈரத்தின் மேல் அடித்தால் ஈரத்தை மூடி வைத்ததாகிவிடும். டிரெய்ன் வால்வின் மேலும் பிளாங்கெட்டின் மேலும் படவே கூடாது. எண்ணெய் ஊறிய பிளாங்கெட் எளிதில் தீப்பிடிக்கும்.

ஐந்தாம் படி: கேலி, லாவடரி, கதவோரம்

இந்த மூன்று இடங்களிலும் நீராவி ஈரத்தோடு கொட்டிய நீரும் சேர்ந்துகொள்கிறது. தரைப்பலகை இணைப்புகளில் ஈரத்தடுப்பு டேப் ஓரம் தூக்கியிருக்கிறதா, சீட் டிராக்கின் பள்ளத்தில் கஞ்சிபோல அழுக்குக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேலி வடிகுழாயை விட்டுவிடாதீர்கள். 2008 ஜனவரி 7 அன்று பாங்காக்கில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு குவான்டாஸ் 747-ல் கேலி வடிகால் நீர் பின்வாங்கித் தரை வழியாக இறங்கி, கீழே மின்சாதன அறைக்குள் போனது. மாறுமின்னோட்டம் தரும் நான்கு மின்தொகுதிகளில் மூன்று போயின. பத்திரமாக இறக்கிவிட்டார்கள். ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருந்ததால் நல்லதாகப் போயிற்று.

அதனால் மின்கம்பிகள் போகும் இடத்தில் ஒரு பழக்கம் வையுங்கள். கனெக்டருக்குள் நுழையும் முன் கம்பி கொஞ்சம் தொங்கி மேலேறணும். அந்தத் தொங்கலை டிரிப் லூப் என்பார்கள். வழிந்து வரும் நீர் அடிப்புள்ளியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. பேனலை மூடும் அவசரத்தில் கம்பியை இழுத்துக் கட்டி அந்தத் தொங்கலை நேராக்கிவிடுபவர்கள் உண்டு. நீங்கள் செய்யாதீர்கள்.

தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று போகும் விமானங்களுக்கு இன்னொன்றும் உண்டு. கதவோரங்களில் படியும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழையே பெய்யாவிட்டாலும் அந்த இடம் நனைந்திருக்கும். உப்பளத்துப் பக்கம் பைக் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கதவின் கீழ்ப்படியையும் அதன் டிரெய்ன் துளையையும் நல்ல நீரில் துடைத்துக் காயவிடுவது சின்ன வேலைதான், பலன் பெரிது.

ஆறாம் படி: காயவைப்பது, நம் ஊர்க் காற்றை அறிந்து

'கதவைத் திறந்து போட்டால் காய்ந்துவிடும்' என்று எல்லா ஊருக்கும் ஒரே விதி சொல்ல முடியாது. ஆடிக் காற்று வீசும்போது நெல்லையில் 35 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம் என்று வையுங்கள். பனிநிலை சுமார் 21. அதே மாதம் மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் மழை. 27 டிகிரி, 85 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 24. வெயிலே இல்லாத, குளுகுளுவென்று இருக்கும் அந்தக் காற்றில்தான் நீராவி அதிகம். இங்கே திறந்து போட்ட பேனல் காய்கிற வேகத்தில் அங்கே காயாது.

ராத்திரி தூத்துக்குடியிலோ சென்னையிலோ 30 டிகிரி, 75 சதவீதம் என்றால் பனிநிலை 25. கேபினின் உட்பகுதி 22 டிகிரியில் இருந்தால் கதவைத் திறந்ததும் உள்ளே எல்லாமே வியர்க்கும். இப்போதுதான் இறங்கிய விமானத்தின் கிரவுன் அதைவிடக் குளிர்ந்திருக்கும். அதனால் இறங்கியவுடன் பேனலைத் திறந்து வெளிக்காற்றை விடாதீர்கள். ஸ்கின் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரட்டும், அப்புறம் திறங்கள். தரை உலர்காற்று வண்டியோ ஈரம் நீக்கும் கருவியோ இருந்தால் அதைப் போட்டுக் கதவை மூடியே காயவைப்பது நல்லது. எதுவும் இல்லாவிட்டால் மதிய வெயிலை நம்பலாம். வெயிலில் நிற்கும் விமானத்தின் ஸ்கின் நன்றாகச் சூடேறும், அந்த நேரத்தில் பேனலைத் திறந்து காற்றாடி போட்டால் வேகமாகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வழி எடுபடாது. அந்த மாதங்களில் கருவி இல்லாமல் காயவைக்க முயல்வது நேர விரயம்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் அளவை வைத்து எதையும் சான்றளிக்க முடியாது. ஆனால் காற்றை எண்ணால் அறியும் பழக்கம் வந்துவிடும்.

காற்றுத்துளையில் புகை வருகிறது என்றால்

வாகைக்குளத்தில் மதியம் ஏறி உட்கார்ந்ததும் தலைக்கு மேலே வெள்ளையாகப் புகை கிளம்பும். "யய்யா, என்னமோ பொகையா வருதே" என்று பக்கத்து சீட் ஆச்சி பதறுவார். அது மூடுபனி. வெளியிலிருந்து எடுத்த ஈரக்காற்றை ஏ.சி. பேக் சட்டென்று குளிர்விப்பதால் நீராவி துளித்துளியாகி மிதக்கிறது. வாசனை இருக்காது, சில அங்குலம் தள்ளியதும் மறைந்துவிடும். ஆச்சிக்கு அதை நிதானமாகச் சொல்லுங்கள், "ஒண்ணுமில்ல ஆச்சி, ஏ.சி. பனிதான்" என்றால் போதும்.

பேக்குக்குள் இருக்கும் வாட்டர் செபரேட்டர் அந்தத் துளிகளைப் பிடித்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேல் தெளித்துவிடும். குளிர்விக்க அதுவும் உதவுகிறது. பழைய வகையில் துணிப்பை ஒன்று இருக்கும், அது அழுக்கடைந்தால் காற்று அதைச் சுற்றிப் போய்விடும், நீர் கேபினுக்குள் வரும். மூடுபனி வழக்கத்தைவிட அதிகம், துளையிலிருந்து துளியே தெறிக்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தால் பையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வெப்பநிலையைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் மூடுபனி குறையும். பயணிகள் ஏறும் முன் ஜன்னல் மறைப்புகளை இறக்கி வைத்தால் பேக் அவ்வளவு குளிர்விக்க வேண்டியிருக்காது.

எழுதி வைப்பது

'நீர் சொட்டியது, துடைக்கப்பட்டது' என்ற பதிவால் யாருக்கும் பயனில்லை. எந்த ஃபிரேம், எந்தப் பக்கம், எப்போது சொட்டியது, நீரின் நிறம், எந்த பிளாங்கெட் நனைந்தது, எத்தனை கிலோ, எந்த வால்வு அடைபட்டிருந்தது, என்ன செய்தோம் எல்லாம் எழுதணும். ஒரே விமானத்தின் பழைய பதிவுகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரே ஃபிரேமில் மழைக்காலம்தோறும் நீர் வருவது தெரியவரும். அப்போது அது பெரும்பாலும் சீல் பிரச்சினையாக இருக்கும், நீராவி ஈரமாக இருக்காது.

கையெழுத்து லைசென்ஸ் உள்ளவர் போடுவார். ஆனால் அவர் கண்ணால் பார்க்காத இடத்தைப் பார்த்தது நீங்கள்தான், அதனால் மூடும் முன் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஷிப்ட் முடியும்போது வேலை பாதியில் நின்றால் வாயால் சொல்வதோடு விடாதீர்கள். காயப்போட்டிருக்கும் பிளாங்கெட்களின் டேக் எண், இன்னும் மூடாத பேனல்கள், ஊசி மாட்டியிருக்கும் பி.எஸ்.யூ.-க்களின் வரிசை எண் எல்லாவற்றையும் ஹேண்ட்ஓவர் தாளில் எழுதி, அடுத்த ஷிப்ட் ஆளைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டிவிட்டு, அப்புறம் கேன்டீனுக்குப் போங்கள்.